நாற்பது வருஷம் தூங்கிய முயல் சோதனை

சிறுநீரகம், ரத்த அழுத்தம், ஒரு நூற்றாண்டுக் கதை

"விடுதிக் கதை ஏற்கெனவே ஏழெட்டு வந்தாச்சு சார், நீங்க சயின்ஸ் பக்கமா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நம் செட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்போது நெருங்கிய உறவாகிவிட்ட ஒன்றைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. அதுதான் பிரஷர் மாத்திரை.

உங்கள் மாத்திரை அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்'லில் முடியும் பெயர் இருக்கலாம். லோசார்டான், டெல்மிசார்டான் என்று 'சார்டா'னில் முடியும் பெயர் இருக்கலாம். பிரஷருக்கு வேறு வகை மருந்துகளும் உண்டு. ஆனால் இந்த இரண்டு வகையும் கை வைப்பது ஒரே சங்கிலியின் மேல். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இதயத்தில் இல்லை, மூளையிலும் இல்லை. முதுகுப்புறம் கீழ் விலாவை ஒட்டிக் கிடக்கும் சிறுநீரகத்தில் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்து அச்சில் போட்டது 1898இல். உலகம் திரும்பிப் பார்த்தது 1938இல். வாயில் போட்டு விழுங்கும் மருந்தாக வந்தது 1981இல். நடுவில் ஏன் இத்தனை காலம் போயிற்று? மாத்திரை சாப்பிடுகிற நமக்கும், இன்று லேப்பில் நிற்கிற இளைய மாணவர்களுக்கும் அதில் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு.

மெழுகுவர்த்தியும் கரண்டியும்

கதை லண்டனில் தொடங்குகிறது. கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்றொரு டாக்டர். உடம்பு வீங்கி வருகிற நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் சூடு காட்டுவார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்தால், புரதம் வெளியே போகிறது, சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். 1836இல் அப்படிப்பட்ட 100 பேரின் விவரத்தை அவர் வெளியிட்டார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது பலருக்கு இதயமும் பருத்திருந்தது. வால்வில் பழுது கிடையாது. பின் ஏன் இதயம் பருக்க வேண்டும்? எதையோ எதிர்த்துத் தள்ளித் தள்ளித்தான் அது பருத்திருக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டதால் ரத்தத்தின் தன்மை மாறி, நுண்ணிய குழாய்களில் ஓட்டம் கடினமாகியிருக்கலாம் என்று பிரைட் ஊகித்தார்.

அன்று ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியே இல்லை. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி கொண்டுவந்தது 1896இல். ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒலி கேட்டு, மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் குறிக்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்கோவ் சொன்னது 1905இல். அதற்கெல்லாம் முன்பே, இதயத்தின் பருமனைப் பார்த்தே பிரைட் சிறுநீரகத்தைச் சந்தேகித்தார். சும்மா சொல்லக்கூடாது, பெரிய கண் அது!

ஸ்டாக்ஹோமில் ஒரு குளிர்காலம்

ராபர்ட் டிகர்ஸ்டெட் பின்லாந்துக்காரர். ஸ்வீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உடலியல் பேராசிரியர். 1896, 97இல் அவரும் பெர் பெர்க்மன் என்ற மாணவரும் முயல்களின் சிறுநீரகத்தை நறுக்கிச் சாறு எடுத்து, வேறு முயல்களின் கழுத்து நரம்பில் ஏற்றினார்கள். முயலின் ரத்த அழுத்தம் ஏறியது. சாறு சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியிலிருந்து எடுத்தால் வேலை செய்தது, உட்பகுதியிலிருந்து எடுத்தால் செய்யவில்லை. சூடாக்கினால் வீரியம் போயிற்று. சிறுநீரகத்திலிருந்து வெளிவரும் ரத்தத்திலும் அந்தப் பொருள் இருந்தது. ஆக, சிறுநீரகம் ஏதோ ஒன்றைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது! அதற்கு 'ரெனின்' என்று பெயர் வைத்து 1898இல் கட்டுரையை வெளியிட்டார்கள். சிறுநீரக நோயில் இதயம் பருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றும் அதில் எழுதினார்கள். பிரைட் விட்ட இடத்தை அப்படியே பிடித்துவிட்டார்கள் பாருங்கள்.

'ஹார்மோன்' என்ற சொல்லே 1905இல்தான் வழக்கத்துக்கு வந்தது. சொல் பிறக்குமுன் பொருள் பிறந்துவிட்டது.

பிறகு? ஒன்றுமில்லை. மற்ற ஆய்வுக்கூடங்களில் சிலர் செய்து பார்த்தார்கள். ஆளாளுக்கு ஒரு விதமாகச் சாறு எடுத்தார்கள். சிலருக்கு அழுத்தம் ஏறியது, சிலருக்கு இறங்கியது. சிறுநீரகம் என்றால் கழிவை வடிகட்டும் உறுப்பு, அது ஏன் சுரக்கப்போகிறது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. டிகர்ஸ்டெட் பின்னர் ஹெல்சிங்கிக்குத் திரும்பி வேறு ஆராய்ச்சிகளில் இறங்கினார். ரெனினை யாரும் சீந்தவில்லை. 1923இல் அவர் காலமானபோது அது அவருடைய பெரிய சாதனைகளில் ஒன்றாகக்கூட எண்ணப்படவில்லை.

வெள்ளிக் கவ்வி

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற நோயியல் பேராசிரியர் இருந்தார். ரத்தக் கொதிப்பால் இறந்தவர்களின் சிறுநீரகங்களை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே போகும் ரத்தக் குழாய்கள் குறுகியிருப்பதை அவர் கவனித்தார். "பிரஷர் முதலில் வந்தது, அதனால் குழாய் கெட்டது" என்பதுதான் அன்றைய பாடம். கோல்ட்பிளாட் திருப்பிக் கேட்டார்: குழாய் முதலில் குறுகி, அதனால் பிரஷர் வந்தால்?

கேட்டதோடு நிற்கவில்லை. திருகினால் இறுகும் சிறிய வெள்ளிக் கவ்வி ஒன்றைச் செய்து நாய்களின் சிறுநீரகத் தமனியில் மாட்டினார். முழுக்க அடைக்காமல் கொஞ்சம் நெரித்தார். இரண்டு பக்கமும் நெரித்த நாய்களுக்கு அழுத்தம் ஏறி, ஏறினபடியே நின்றது. சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்ட பிறகும் ஏறியது. அப்படியானால் சேதி நரம்பு வழியே போகவில்லை, ரத்தத்தில் கலந்துதான் போக வேண்டும். இந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1934.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சிறுநீரகம் ஒரு கடைமடை விவசாயி. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் மேலே சேதி அனுப்புவான்: "அணையைத் திறங்கய்யா!" அணையில் உண்மையிலேயே நீர் குறைவு என்றால் அந்தச் சேதி நியாயம். ஆனால் அவன் வாய்க்காலில் மட்டும் கோரை அடைத்துக்கொண்டிருந்தால்? அவனுக்கு அது தெரியாது. தண்ணீர் பற்றவில்லை என்று கத்திக்கொண்டே இருப்பான். மேலே திறந்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள். மற்ற வயல்களெல்லாம் மூழ்கும். கோல்ட்பிளாட்டின் கவ்வி செய்த வேலை அதுதான்.

ரத்தத்தில் போகும் சேதி என்ன என்று தேடியபோதுதான் பழைய முயல் சோதனை ஞாபகத்துக்கு வந்தது. 1938இல் லண்டனில் பிக்கரிங்கும் பிரின்ஸ்மெட்டலும் அதைத் திரும்பச் செய்தார்கள். டிகர்ஸ்டெட் சொன்னது சரி. அச்சேறிச் சரியாக நாற்பது ஆண்டுகள்.

அவசரமும் தாமதமும்

அதே 1938இல் இன்னொன்றும் நடந்தது. ஒரு சிறுநீரகம் மட்டும் கெட்டிருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு அமெரிக்காவில் அதை எடுத்துவிட்டார்கள். கடுமையாக இருந்த ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இது போதாதா? பிரஷர் இருந்து ஒரு சிறுநீரகம் கொஞ்சம் சந்தேகமாகத் தெரிந்தாலே வெட்டி எடுக்க ஆரம்பித்தார்கள். உடலியலாளர் ஹோமர் ஸ்மித் 1956இல் இப்படி எடுக்கப்பட்ட 575 பேரின் கணக்கைத் திரட்டிப் பார்த்தார். ஓராண்டுக்குப் பின்னும் பிரஷர் சரியாக இருந்தது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் ஒரு சிறுநீரகத்தை இழந்ததுதான் மிச்சம். ஒரு உண்மையை நாற்பது வருஷம் கிடப்பில் போட்டதும் கெடுதல், பாதி உண்மையை வைத்துக்கொண்டு கத்தியை எடுத்ததும் கெடுதல்.

மருந்து இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் டாக்டர் புரூயென் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108. இதயமும் பலவீனமாகியிருந்தது. கொடுக்க முடிந்தது என்ன? ஓய்வு, உப்புக் குறைந்த சாப்பாடு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், தூக்கத்துக்கு மருந்து. 1945 ஏப்ரல் 12 அன்று "தலை ரொம்ப வலிக்கிறது" என்று சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக் கசிவு. வயது 63. உலகத்திலேயே அதிக அதிகாரம் படைத்த மனிதருக்கு, இன்று நம் தெருமுனைக் கடையில் கிடைக்கிற மாத்திரை இல்லை.

அந்தக் காலத்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் டாக்டர் கெம்ப்னர் ஒரு சோற்று வைத்தியம் நடத்தினார். உப்பே இல்லாத அரிசிச் சோறும் பழமும் மட்டும். சிலருக்கு நன்றாகவே கேட்டது. காரணம் உப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு ஊர், ஒரே பொருள்

ரெனின் இருப்பது உறுதியானதும் அடுத்த புதிர் வந்தது. ரெனினை நன்றாகச் சுத்தம் செய்து பார்த்தால் அது நேரடியாகக் குழாயைச் சுருக்கவில்லை. ரத்தத்தில் உள்ள எதனுடனோ சேர்ந்தால்தான் வேலை நடந்தது. 1939, 40இல் இரண்டு குழுக்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே விடைக்கு வந்தன. ஒன்று அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில், பேராசிரியர் ஹூசேயின் நிறுவனத்தில் பிரான் மெனண்டஸ், லெலுவார் முதலியோர். மற்றொன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், இர்வின் பேஜ் குழு. ரெனின் ஒரு நொதி, அது ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை வெட்டுகிறது, வெட்டி விழும் துண்டுதான் குழாயைச் சுருக்குகிறது என்றார்கள் இருவரும்.

பொருள் ஒன்று, பெயர் இரண்டு. அர்ஜென்டினாக்காரர்கள் 'ஹைபர்டென்சின்' என்றார்கள், அமெரிக்கர்கள் 'ஆஞ்சியோடோனின்' என்றார்கள். படிக்கிறவர்களுக்குத் தலைசுற்றல். கடைசியில் 1958இல் பிரான் மெனண்டஸும் பேஜும் சமரசம் செய்துகொண்டு ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தார்கள். அங்கிருந்து ஆஞ்சியோ, இங்கிருந்து டென்சின். பிறந்தது 'ஆஞ்சியோடென்சின்'. அடுத்த ஆண்டு ஜனவரியில் பிரான் மெனண்டஸ் விமான விபத்தில் இறந்துபோனார். சமரசம் மட்டும் நிலைத்துவிட்டது.

இதற்கிடையே கிளீவ்லாந்தில் லெனர்ட் ஸ்கெக்ஸ் இன்னொரு படியைக் கண்டுபிடித்திருந்தார். ரெனின் வெட்டித் தருவது பத்து அமினோ அமிலம் கொண்ட துண்டு. அது ஏறக்குறைய செயலற்றது. வேறொரு நொதி அதிலிருந்து இரண்டைக் கழித்து எட்டாக்கினால்தான் வீரியம் வருகிறது. அந்த இரண்டாவது நொதிக்கு 'மாற்றும் நொதி' என்று பெயர்.

மூன்றாவது துண்டு அட்ரினல் சுரப்பி. 1953இல் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் முதலியோர் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். உப்பைச் சிறுநீரில் விடாமல் பிடித்துவைப்பது இதன் வேலை. இதைச் சுரக்கச் சொல்லி அட்ரினலுக்கு உத்தரவு போடுவது ஆஞ்சியோடென்சின் என்பது 1960ஆம் ஆண்டையொட்டித் தெளிவாயிற்று.

இப்போது முழுச் சங்கிலியையும் கோத்துப் பார்ப்போம். இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. உள்ளே நுழையும் நுண்குழாயின் சுவரில் ரெனின் செல்கள் காவல் இருக்கின்றன. அழுத்தம் குறைந்தாலோ, வடிநீரில் உப்பு குறைந்தாலோ, நரம்பு தூண்டினாலோ ரெனினை விடுகின்றன. ரெனின், ரத்தத்தில் ஓடும் கல்லீரல் புரதத்தை வெட்டுகிறது. நுரையீரலிலும் ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் உள்ள மாற்றும் நொதி அதை வீரியமுள்ளதாக ஆக்குகிறது. ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, அல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. அல்டோஸ்டிரோன் உப்பைப் பிடிக்க, உப்போடு நீரும் நிற்கிறது. அழுத்தம் ஏறுகிறது. ஏறியதும் ரெனின் நிற்க வேண்டும். நிற்காமல் போனாலோ, தேவைக்கு மேல் உப்பு சேர்ந்தாலோ ரத்தக் கொதிப்புக்கு வழி பிறக்கிறது.

பாம்பு கொடுத்த மருந்து

சங்கிலி தெரிந்தால் எங்கே அறுப்பது என்பதும் தெரிய வேண்டுமே! விடை பிரேசிலின் பாம்பு ஒன்றிடம் இருந்தது. ஜரராக்கா என்பது ஒரு குழிவிரியன். அது கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஏன் என்று தேடிய ரோஷா இ சில்வா குழு 1949இல் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டது. அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரெய்ரா, பிராடிகைனின் சிதையாமல் காக்கும் ஒன்றும் அதே விஷத்தில் இருப்பதை 1965இல் காட்டினார். பிறகு அந்த விஷச் சாற்றோடு லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே பாக்லே என்ற ஆய்வாளர் அதை மாற்றும் நொதியின் மேல் போட்டுப் பார்க்க, நொதி அப்படியே முடங்கியது!

அமெரிக்காவின் ஸ்குவிப் கம்பெனியில் கஷ்மனும் ஆண்டெட்டியும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டெட்டி பியூனஸ் அயர்ஸில் பிறந்து அங்கேயே டாக்டர் பட்டம் வாங்கியவர். விஷத்திலிருந்து எடுத்த மருந்து வேலை செய்தது, ஆனால் ஊசியாக மட்டுமே போட முடிந்தது. மாற்றும் நொதியில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது, அதைக் கவ்விப் பிடிக்கிற சின்ன மூலக்கூறு போதும் என்று கணக்குப் போட்டு, 1975இல் காப்டோப்ரில்லைத் தயாரித்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 'ப்ரில்' குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுதான். ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தையே அடைக்கும் 'சார்டான்' குடும்பத்தின் மூத்தவர் லோசார்டான். அதற்கு அமெரிக்க அனுமதி 1995இல் வந்தது. 'ப்ரில்' சாப்பிட்டு வறட்டு இருமல் வந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பிரஷருக்கு என்று வந்த மருந்து மற்ற இடங்களிலும் உதவியது. இதயம் மிகவும் பலவீனமானவர்களின் இறப்பை எனலாப்ரில் குறைத்ததை 1987இல் ஒரு சோதனை காட்டியது. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகம் கெட்டுப்போவதைக் காப்டோப்ரில் தாமதப்படுத்துவதை 1993இல் இன்னொன்று காட்டியது. 2020இல் கொரோனா வந்தபோது, இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டால் ஆபத்து என்றொரு பீதி கிளம்பியது. அந்தக் கிருமி செல்லுக்குள் நுழையும் வாசல், மாற்றும் நொதியின் ஒன்றுவிட்ட தம்பியான இன்னொரு நொதி என்பதுதான் பயத்துக்குக் காரணம். பிரேசிலில் 659 நோயாளிகளிடம் நடத்தி 2021இல் வெளியான சோதனையில், மாத்திரையை நிறுத்தியதால் எந்த நன்மையும் தெரியவில்லை.

நமக்கு என்ன?

மூத்தவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, பிரஷர் சத்தம் போடாது. தலைவலி வந்தால் பார்த்துக்கலாம் என்பது பெரிய தப்பு. அளந்தால்தான் தெரியும். இரண்டு, உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். மூன்று, மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இந்தக் குடும்பத்து மாத்திரைகளைத் தொடங்கியதும் டாக்டர் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார், அலுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு சிறுநீரகத் தமனிகளும் குறுகியிருப்பவருக்கு, அதாவது கோல்ட்பிளாட்டின் நாய் நிலையில் இருப்பவருக்கு, இதே மாத்திரை சிறுநீரகத்தைப் படுக்கவைத்துவிடும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், அதையும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

இளைய மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. "போன வருஷ செட்டுக்கு வந்தது, எங்களுக்கு வரலையே சார்" என்று லேப்பில் கையை விரிக்கிறோமே, அங்கேதான் டிகர்ஸ்டெட்டின் ரெனின் நாற்பது வருஷம் படுத்துக்கிடந்தது. சோதனை வராவிட்டால், அவர்கள் எப்படிச் செய்தார்கள், நாம் எதை மாற்றினோம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி வையுங்கள். முயலின் சிறுநீரகச் சாற்றை எப்படி எடுத்தோம் என்று அந்த இரண்டு பேர் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் தேடி வந்தவர்கள் அதே இடத்திலிருந்து தொடர முடிந்தது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறபோது அப்பா அம்மாவுக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடுங்கள். கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டால், பலருக்கும் பதில் தெரியாது.